பவுன்தாயி மிதிச்ச மிதி

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில ஏலக்காய்க் கிட்டங்கிக்கு வேலைக்குக் கிளம்பின பவுன்தாயி, தன் ஸ்கூட்டரோட கிக்கரை ஓங்கி ஒரு மிதி மிதிச்சா. ஸ்கூட்டர் கம்முனு கிடந்துச்சு, பக்கத்து வீட்டு ஒச்சம்மாவோட கிரைண்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு. மோட்டார் புகைஞ்சுபோயி, தண்ணிக்குடம் வைக்கிற மேடையா வருசக்கணக்கா மூலையில கிடந்த கிரைண்டர் அது. வயரைக்கூட எலி தின்னு தீர்த்திருந்துச்சு. அது பாட்டுக்குக் கடகடன்னு சுத்தி, மேல இருந்த குடத்தைத் தூக்கி அடுப்படியில எறிஞ்சிட்டு, 'கொண்டா அரைக்கிறேன்'ங்கிற மாதிரி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒச்சம்மா அலறியடிச்சு ஓடினான்னா நினைக்கிறீக? "அடி ஆத்தி, அரிசி ஊறப்போடலியே"ன்னு தலையில கைவச்சா, அம்புட்டுத்தான்.

எங்க தெரு அப்படி. போடியில மலையைப் பார்த்த கடைசித் தெரு. எங்களுக்கு அப்புறம் தோப்பு, தோப்புக்கு அப்புறம் மலை, மலைக்கு அந்தப் பக்கம் மலையாளம். நான் தெருமுக்குல இஸ்திரி வண்டி வச்சிருக்கேன். என்னுது கரிப்பெட்டி, கரண்டு வந்தாலும் வராட்டாலும் எனக்கு ஒண்ணுதான். அதனால எந்த மிசினுக்கும் ஆசைப்படாம நடந்தது அம்புட்டையும் நிதானமாப் பார்த்தவ நான் ஒருத்திதான். நம்புறவுக நம்புங்க, நம்பாதவுக சட்டையை எடுத்துக்கிட்டு வேற கடைக்குப் போங்க.

பவுன்தாயி யாருன்னு சொல்லணும்ல? நாப்பது தாண்டின பொம்பளை. கிட்டங்கின்னா குடோன், அதுல உக்காந்து பச்சைக்காய் தனியா, வெளுத்த காய் தனியா ஆயுற வேலை. அண்ணன் ஜக்கையன் சொந்தமா மினிபஸ் வாங்கி ஓட்டுறவன். அவன் வீட்டுலதான் இருக்கா. அவளுக்கு ரெண்டு தடவை கல்யாணம் பேசி ரெண்டு தடவையும் நின்னுபோச்சு. மொதத் தடவை மாப்பிள்ளைக்கு மனசு மாறிப்போச்சு, ரெண்டாந் தடவை மாப்பிள்ளையோட அப்பனுக்கு. மூணாவதா வந்தவர்தான் வேலப்பன். மலை உச்சியில, மேட்டுல, டீக்கடை வச்சிருக்காரு. சொந்தத் தோட்டத்துக் காயைக் கிட்டங்கிக்குக் கொண்டாந்தப்போ பவுன்தாயியைப் பார்த்து, அப்புறம் காயே இல்லாம வெறுஞ்சாக்கைக் கொண்டாந்து கொண்டாந்து நின்ன மனுசன். ஐப்பசிக் கடைசி முகூர்த்தத்துல மேட்டுக் கோயில்ல கல்யாணம்னு முடிவாச்சு. ஜக்கையன் பாக்கு மாத்துற அன்னைக்கே சொல்லிப்புட்டான்: "இதான் கடைசி. இதுவும் நின்னுச்சுன்னா இனிமே ஒருத்தன் வாசலையும் நான் மிதிக்க மாட்டேன்."

வேலப்பன் வீட்டு வகையறாவுல ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை மலையிறங்கி வந்து தாலி கட்டமாட்டான், பொண்ணுதான் மலையேறி வரணும். அதுவும் தன் வீட்டுச் சொந்த வாகனத்துல வரணும், இரவல் ஆகாது. அந்தக் காலத்துல மட்டக்குதிரையில வந்தாகளாம், அப்புறம் மாட்டுவண்டி, அப்புறம் ஜீப்பு. "அதுக்கென்ன, மினிபஸ் நம்ம சொந்த வண்டிதானே, தெருவையே ஏத்திக்கிட்டுப் போவோம்"னு ஜக்கையன் மீசையைத் தடவினான். ஐப்பசி மழை அவன் மீசையைப் பார்த்துச் சிரிச்சுச்சு. ஒரே ராத்திரி மழையில மலைரோடு பாதி சரிஞ்சு பள்ளத்துல விழுந்துருச்சு. பஸ் கிடையாது, ஜீப் கிடையாது, இருசக்கர வண்டி மட்டும் ஓரமா ஒண்ணொண்ணாப் போகலாம்னு போலீஸ்காரங்க கயிறு கட்டிட்டாக.

அப்படின்னா மிச்சம் என்ன? பவுன்தாயியோட ஸ்கூட்டர் ஒண்ணுதான். அதுதான் கிளம்பமாட்டேங்குது.

தினமும் காலையில எந்திரிச்சு, முகங்கழுவி, இன்னைக்காவது கிளம்பிரும்னு சாமியை நினைச்சுக்கிட்டு அவ மிதிப்பா. தினமும் வேற யாரு வீட்டுலயாவது என்னத்தையாவது கிளம்பும். எதிர்வீட்டு வாத்தியாரோட செவுத்துக் கடிகாரம் கிளம்புச்சு. துருப்பிடிச்ச தெருக்குழாய் கிளம்பி, தண்ணி புடிக்க ஆள் இல்லாம ஓடையா ஓடுச்சு. பரணில கிடந்த தையல் மிசின் தானா ஓடி, பக்கத்துல காயப்போட்டிருந்த பாயோட ஓரத்தை நேர்த்தியா அடிச்சு வச்சிருந்துச்சு. பவுன்தாயி மிதிச்சா மட்டும்தான் இந்தக் கூத்து. வேற யாரு மிதிச்சாலும் கால்வலிதான் மிச்சம். இது தெரிஞ்சதும் எங்க ஆளுக என்ன செஞ்சாக? 'இது எப்படி'ன்னு ஒருத்தர் கேட்கணுமே! 'எனக்கு எப்ப'ன்னுதான் கேட்டாக. விடிஞ்சா ஸ்கூட்டரைச் சுத்தி மிக்சி, டேபிள் ஃபேன், ரேடியோன்னு சீர்வரிசை மாதிரி அடுக்கி வச்சிட்டு வரிசையில நின்னாக. வரிசையில சண்டை, சண்டையை விலக்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு விசில்.

பக்கத்துத் தெருக்காரன் ஒருத்தன் செத்துப்போன டிராக்டரை மாடு கட்டி இழுத்தாந்துட்டான். எங்க தெருக் காலு எங்க தெருவுக்குத்தான்னு நாங்க மறிச்சோம். பவுன்தாயிதான், "இருக்கட்டும், பாவம்"னு மிதிச்சா. டிராக்டர் கிளம்புச்சு, ஆனா பின்னாடி மட்டும்தான் போச்சு. அவன் கழுத்தைத் திருப்பிக்கிட்டே சந்தோசமா வீடு போய்ச் சேர்ந்தான்.

மிசினோட நின்னிருந்தாலும் பரவாயில்லை. பாரிசவாயு வந்து இடதுகாலை இழுத்து இழுத்து நடந்த வீரணன், ஒச்சம்மாவோட புருசன், ஒரு நாள் சேரைப் போட்டு வேடிக்கை பார்க்க உக்காந்திருந்தாரு. பவுன்தாயி மிதிச்சா. மனுசன் எந்திரிச்சாரு, வேட்டியை மடிச்சுக் கட்டினாரு, விறுவிறுன்னு டீக்கடைக்கு நடந்து போயி ஒரு பீடி வாங்கிப் பத்தவச்சிட்டாரு. கால் வந்ததுக்குக் கும்பிடுறதா, பீடி குடிச்சதுக்கு வையிறதான்னு தெரியாம ஒச்சம்மா ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா. அன்னையில இருந்து பவுன்தாயி காலுக்கு விளக்கெண்ணெய் தடவ ஆள், அவ நடந்தா முள்ளு எடுக்க ஆள். "கால் பத்திரம் தாயி, கால் பத்திரம்"னு தெருவே சொல்லுச்சு. அந்தக் காலுக்கு மேல ஒரு பொம்பளை இருக்கா, அவளுக்கு ஒரு மனசு இருக்கு, அது ஒருத்தருக்கும் தெரியல.

முபாரக் மெக்கானிக் வராம இல்ல. சத்தத்தை வச்சே வண்டிக்கு என்ன சீக்குன்னு சொல்லிருவேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிற ஆளு. இங்க சத்தமே இல்ல, அவரு என்ன செய்வாரு? பிளக்கைக் கழத்தி உப்புத்தாள்ல தேய்ச்சுப் பார்த்தாரு, நெருப்பு நல்லா வருது. டேங்கைத் திறந்தாரு, பெட்ரோல் பாதிக்கு மேல இருக்கு. கார்புரேட்டரைப் பிரிச்சு ஊதினாரு, ஏர்ஃபில்டரைத் தட்டினாரு, எல்லாம் சுத்தம். "ஒரு குறையும் இல்லம்மா, இது நிக்கவே கூடாத வண்டி"ன்னாரு. "அப்படின்னா ஏன் பாய் நிக்குது?"ன்னு பவுன்தாயி ஒரு மிதி மிதிச்சா. அவரு செல்போன் அடிச்சிச்சு. நோன்புக் காலத்துல கோவிச்சுக்கிட்டு அவரோட பேச்சை நிறுத்தின சம்சாரம், அந்த நிமிசம் பேச ஆரம்பிச்சவுக, இன்னைய வரைக்கும் நிறுத்தலைன்னு முபாரக்கே சொல்றாரு.

அதுக்கப்புறம் அவரை வேலை செய்ய விட்டாத்தானே! அவரு ஸ்பேனரை எடுத்தா ஒருத்தன் டீ கொடுப்பான், குத்தவச்சு உக்காந்தா ஒருத்தி பஜ்ஜி கொடுப்பா. "மெதுவாப் பாருங்க பாய், என்ன அவசரம்"ம்பாக. எங்க ஆளுகளுக்கு அந்த ஸ்கூட்டர் சரியாகிறதுல இஷ்டமே இல்ல. வாயைத் திறந்து ஒருத்தரும் சொல்லல, ஆனா எனக்குத் தெரியும். சட்டையைத் தேய்க்கிறவளுக்கு ஆளோட உள்மடிப்புத் தெரியாதா?

முகூர்த்தத்துக்கு மொத நாள் மத்தியானம். மழை விட்டு வெறிச்சிருந்துச்சு. பவுன்தாயி மிதிச்சு மிதிச்சு முழங்கால் வீங்கி, ஸ்கூட்டர் பக்கத்துல தரையில உக்காந்திருந்தா. எங்க தெருக் கோட்டைச்சாமி பொஞ்சாதி வந்து, கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "எம்மவ சம்பந்தம் பாதியில நிக்குது தாயி, ஒரு மிதி மிதிச்சு விடேன்"னா.

பவுன்தாயி எந்திரிச்சா. நான் அவளைப் பாவாடை கட்டின வயசுல இருந்து பார்க்கிறேன், அவ சத்தம் போட்டு ஒருநாளும் கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டேன்.

"உங்க கிரைண்டர் ஓடுது, உங்க கடிகாரம் ஓடுது, உங்க வீட்டுக்காரரு ஓடுறாரு! நாளைக்கு எனக்குக் கல்யாணம். அது ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கா? என்னோடதும் ஒண்ணு நிக்குதே, அதைக் கிளப்பி விடுவோம்னு ஒரு நாதிக்காவது தோணுச்சா? நான் என்ன உங்களுக்குக் காலு மட்டும்தானா? அந்த மனுசன் அங்க மழையில நின்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. நான் போகாட்டி, 'மூணாவதும் நின்னுபோச்சு, ராசி கெட்டவ'ன்னு மொத ஆளா நீங்கதான் சொல்லுவீக!"

சொல்லிட்டு முகத்தை மூடிக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதா. வெட்கம்னா வெட்கம், அப்படி ஒரு வெட்கம் எங்களுக்கு. கோட்டைச்சாமி பொஞ்சாதி முந்தானையால அவ முகத்தைத் துடைச்சுவிட்டு, திரும்பி, "எல்லாரும் என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீக, வேலையைப் பாருங்க!"ன்னு எங்களை வஞ்சா.

அப்புறம் பாருங்க! விசில் வச்சிருந்தவன் டார்ச் பிடிச்சான், வாத்தியாரு போல்ட்டு நட்டுகளை வரிசையாத் துணியில அடுக்கினாரு, பஜ்ஜி கொடுத்தவளே முபாரக் கையில இருந்து பஜ்ஜியைப் பிடுங்கிட்டா. ஜக்கையன் மினிபஸ்ல இருந்து பேட்டரியைக் கழத்தி வந்து வச்சுப் பார்த்தான். பிளக் புதுசு, பெட்ரோல் புதுசு, ஆயில் புதுசு. தள்ளி ஓட விட்டுப் பார்த்தோம், தெரு இந்த முக்குல இருந்து அந்த முக்கு வரைக்கும், சின்னதும் பெருசுமா இரைக்க இரைக்க. மூணு தடவை 'பொக்'குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பொழுது சாய்ஞ்சதும் முபாரக் கையைத் துடைச்சுக்கிட்டு, "எனக்குத் தெரிஞ்சது தீர்ந்துபோச்சும்மா"ன்னாரு. அவரு வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் மொதத் தடவை.

விடியக்காலையில பவுன்தாயி பட்டுச்சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு வெளிய வந்தா. கிளம்புதோ கிளம்பலையோ, கல்யாணப் பொண்ணோட வண்டி மூளியா நிக்கக்கூடாதுன்னு ஒரு சரத்தைக் கண்ணாடியில சுத்தினா, இன்னொரு சரத்தைக் கட்ட வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சா. குனிஞ்சவ அப்படியே நின்னா. மூக்கைச் சுளிச்சா. கிட்டங்கியில ஒரு மூடை காய்க்குள்ள ஒரு காய் பூஞ்சை பிடிச்சிருந்தாலும் சாக்கைப் பிரிக்காமலே மோந்து சொல்லிருவா, அந்த மூக்கு.

"பாய்," ன்னா, "சைலன்சர்ல பழவாசனை அடிக்குது."

"பெட்ரோல் வாசனையா இருக்கும்மா."

"இல்ல பாய். வாழைப்பழம். நாட்டுப்பழம். கூட ஊதுபத்தி."

முபாரக் குப்புறப் படுத்து, சைலன்சர் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. எந்திரிச்சவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "உள்ள போற பாதையெல்லாம் பார்த்தேனே ஒழிய, வெளிய போற பாதையைப் பார்க்கல! யாரும்மா இதுக்குள்ள பழத்தைச் சொருகினது?"

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஜக்கையன் பொஞ்சாதி நாகஜோதி மட்டும் யாரையும் பார்க்கல. "பூசை அன்னைக்கு வண்டிக்கு மூணு ஊதுபத்தி கொளுத்தினேன்," ன்னா மெல்ல. "சொருக இடமில்ல. பழத்துல குத்தி அந்தக் குழாய் வாயில வச்சேன். பக்தியாத்தான் வச்சேன் தாயி. அப்புறம் இவரு வண்டியைப் பின்னுக்குத் தள்ளிச் செவுத்தோட நிப்பாட்டிட்டாரு..." பழம் செவுத்துல முட்டி உள்ள போயி, காய்ஞ்சு கட்டையா இறுகிப்போச்சு. வண்டிக்கு மூச்சு விட வழியில்ல. பவுன்தாயிக்கே சிரிப்பு வந்துருச்சு. "நல்ல பக்தி மதினி, வண்டிக்கே ஊட்டிவிட்டிருக்கீக"ன்னா.

சிரிச்சு முடிச்சதும்தான் அந்த நினைப்பு எல்லாருக்கும் ஒண்ணா வந்துச்சு. வெளிய போகமுடியாத மூச்சுதானே இம்புட்டு நாளும் எங்க வீட்டுக்குள்ள எல்லாம் புகுந்து கிளப்பிவிட்டுச்சு? அடைப்பை எடுத்தா? யாரோ கேட்டே விட்டாக: "எடுத்துட்டா ஓடுறதெல்லாம் நின்னுருமோ?"

எல்லாரும் வீரணனைப் பார்த்தாக. கிரைண்டர் போனா கையால ஆட்டிக்கலாம், கடிகாரம் போனா செல்போன்ல மணி பார்த்துக்கலாம். அவருக்குப் போறது காலு. பவுன்தாயியும் அவரைப் பார்த்தா, கையில இருந்த பூச்சரத்தைக் கீழ இறக்கிட்டா. "வேணாம் பாய். விட்டுருங்க"ன்னா.

ஒச்சம்மா விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போனா. பழைய குடை ஒண்ணைக் கொண்டாந்து, ஒரு கம்பியைப் பிடுங்கி, நுனியை வளைச்சு, முபாரக் கையில திணிச்சா.

"இழுங்க பாய். எம்புருசன் காலு இவ வாழ்க்கை மேல நின்னு நடக்க வேணாம்."

"அதான் ஆசை தீர நடந்துட்டேன்ல, இழுப்பா,"ன்னாரு வீரணனும். நடந்துக்கிட்டேதான் சொன்னாரு, போகப்போற காலை வீணாக்க வேணாம்னு, வாசலுக்கும் குழாய்க்குமா அவசர அவசரமா நடந்தாரு.

முபாரக் கம்பியைவிட்டுக் கொக்கி போட்டு இழுத்தாரு. தோல் கறுத்து, ஊதுபத்திக் குச்சி மூணும் அப்படியே குத்திக்கிட்டு, பழம் பிதுங்கி வந்து விழுந்துச்சு. பவுன்தாயி செருப்பைக் கழத்திட்டு, கிக்கர் மேல வெறுங்காலை வச்சு, கண்ணை மூடி, வீங்கின முழங்காலோட மிதிச்சா.

மொதல்ல எல்லாம் நின்னுச்சு. கிரைண்டர் நின்னுச்சு, கடிகாரம் நின்னுச்சு, தையல் மிசின் ஊசியைத் தூக்கினபடி நின்னுச்சு, வீரணன் ஒரு காலைத் தூக்கினபடி நின்னாரு. அப்புறம் அந்த ஸ்கூட்டர் ஒரு இருமல் இருமிச்சு. சைலன்சர்ல இருந்து குங்குமமும் சாம்பலும் சந்தன வாசனையுமா ஒரு புகை வந்துச்சு. 'டுர்ர்ர்'ருன்னு கிளம்புச்சு பாருங்க, அடேயப்பா, காதுக்கு அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்ல! ஆம்பளைக விசிலடிச்சாக, பொம்பளைக குலவை போட்டாக, முபாரக் வாத்தியாரைக் கட்டிப்பிடிச்சு அவரு வெள்ளைச் சட்டை பூராவும் கிரீஸ். நான் தேய்ச்சுக் கொடுத்த சட்டை அது, போனா போகுதுன்னு விட்டேன்.

இந்தக் கூச்சல்ல வீரணனை மறந்துட்டோம். திரும்பிப் பார்த்தா, அவரு தூக்கின காலை மெதுவாக் கீழ வச்சாரு. வச்சிட்டு, அடுத்த காலை எடுத்தாரு. அதையும் வச்சாரு. ஒச்சம்மா சேலையைத் திணிச்சு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. மிசினெல்லாம் நின்னது நின்னதுதான், இன்னைக்கும் அந்தக் கிரைண்டர் மேல குடம்தான் இருக்கு. மனுசங்க மட்டும் நிக்கல. முபாரக் செல்போன் அப்பவும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

மலையடியில போலீஸ்காரரு, மண்ணு இன்னும் சரியுது, ஒரே ஒரு வண்டிதான் விடுவேன்னு சொல்லிட்டாரு. ஜக்கையன் பின்னாடி உக்காந்தா வளைவுல வண்டி திணறும், அவன் உடம்பு அப்படி. நாகஜோதி தாம்பாளத்தை மடியில வச்சுக்கிட்டு ஏறினா. "பார்த்துப் போ பாப்பா"ன்னான் ஜக்கையன். சரிஞ்ச ரோட்டுல ஒரு பக்கம் செவுரு, ஒரு பக்கம் மேகம், நடுவுல ஒரு முழ அகலத் தடம். நாகஜோதி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாளாம், பவுன்தாயி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே ஓட்டினாளாம். கீழ நின்ன எங்களுக்கு வண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு, வளைவுக்கு வளைவு சிறுசாகி, ஆனா நிக்கவே இல்ல.

நாங்க கல்யாணத்துக்குன்னு உடுத்தின துணியோட, கையில மஞ்சரிசியோட, போறதுக்கு இடமில்லாம தெருவுலயே நின்னோம். வெயில் ஏறுற நேரத்துல ஜக்கையன் போன் அடிச்சிச்சு. ஸ்பீக்கர்ல போட்டு, எல்லாருக்கும் கேட்கணும்னு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சான். காத்து இரைஞ்சுச்சு, மேளக்காரர் சுருதி சேர்த்தாரு, அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், வேலப்பனோட அம்மா, கோயில் படியில நின்னு கேட்டாக.

"யாரு வண்டியில வந்த தாயி?"

"என் வண்டியில வந்தேன் அத்தை."

கெட்டிமேளம் முழங்குச்சு. கையில இருக்கிற அரிசியை யாரு மேல போடுறது? பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. தெருவே சேர்ந்து ஜக்கையன் மேல போட்டோம், அள்ளி அள்ளிப் போட்டோம். அவன் தலையில, மீசையில, சட்டைப்பையில எல்லாம் மஞ்சரிசி. "எம்மேல எதுக்குடா போடுறீக"ன்னு தேம்பித் தேம்பிக் கேட்டவன், போனை மட்டும் கீழ இறக்கவே இல்ல.